கருவியும் கருத்தாவும்

பிறிதொன்றின் துணையின்றி எதையும் செய்ய இயலாத ஒன்றைச் செய்பவன் என்று அழைக்கலாமா என்னும் வினா, சைவ சித்தாந்த நூல்கள் உயிரின் இயல்பைப் பேசும் இடங்களிலெல்லாம் ஏதேனும் ஒரு வடிவில் எழுகிறது. உடலின்றி உயிர் எதையும் நுகர்வதில்லை, கண்ணின்றிக் காண்பதில்லை, கண்ணும் மனமும் வாய்த்திருந்தும் இறைவன் அறிவித்தாலன்றி அறிவதில்லை. இத்தனை சார்புகளையும் அடுக்கிச் சொன்ன பிறகும், வினைக்குப் பொறுப்பு உயிருக்கே உரியது என்பதில் அந்நூல்கள் சற்றும் தளர்வதில்லை. முழுச் சார்பும் முழுப் பொறுப்பும் ஒரே இடத்தில் எவ்வாறு நிற்கும் என்பது எளிதில் விளங்குவதன்று. கணினி நிரல்கள் கடந்த அரை நூற்றாண்டில் இரண்டு பெரும் வகைகளாகப் பிரிந்து வளர்ந்த விதம், இப்பழைய வினாவைப் புதிய வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க உதவுகிறது. அதே வேளையில், சித்தாந்தச் சொற்களைக் கொண்டு நோக்கும்போது அந்த இரு வகைகளுக்கும் இடையிலான வேறுபாடும், வழக்கமாகச் சொல்லப்படுவதைவிடத் தெளிவாகப் புலப்படுகிறது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் இத்தகைய ஆராய்ச்சிக்குப் பொருத்தமான இடம். மலாயா இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்ற யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர்கள், நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை நெஞ்சில் வைத்து லோரோங் ஸ்காட்டில் எழுப்பிய ஸ்ரீ கந்தசுவாமி கோயில், ஆறுமுக நாவலர் வகுத்துக்கொடுத்த சைவ நெறியின் மலேசியத் தொடர்ச்சியாக நிற்கிறது. அங்கிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், 1904இல் நிறுவப்பட்ட விவேகானந்த ஆசிரமம் வேதாந்தத்தின் குரலாக இருந்துவருகிறது. உயிரும் இறையும் வேறுபட்டும் பிரிவின்றியும் நிற்கின்றன என்னும் சித்தாந்தமும், உள்ளது ஒன்றே என்னும் அத்துவைதமும் ஒரே வட்டாரத்தில் நூறாண்டுக்கும் மேலாக அருகருகே வாழ்ந்திருக்கின்றன. தமிழ்க் கணிமையின் வரலாற்றிலும் இந்நகருக்குத் தனியிடம் உண்டு. கோலாலம்பூரைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் தொடங்கிய முரசு மென்பொருள் முயற்சி இங்குதான் வளர்ந்தது. 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடும் இங்கேயே நடைபெற்றது.

நிரல் என்பது மனிதர் எழுதும் நிலையில் சொற்களாலும் குறியீடுகளாலும் ஆன ஓர் உரை. கணினியின் மையத்திலுள்ள நுண்செயலி அந்த உரையை அறியாது. அதனை வடிவமைத்தவர்கள் வகுத்துவைத்த எண்வடிவக் கட்டளைகளை மட்டுமே அது அறியும். ஆகவே எழுதப்பட்ட உரை, எங்கேனும் ஓரிடத்தில் எப்போதேனும் ஒரு வேளையில், அந்த எண்களாக மாற்றப்பட்டே தீர வேண்டும். அந்த மாற்றத்தை எப்போது செய்வது, மாற்றிய பின் நிரலை யாருடைய பொறுப்பில் ஓடவிடுவது என்னும் இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளே இரு வகைகளையும் பிரிக்கின்றன. டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய சி மொழியில் எழுதப்படும் நிரல், கம்பைலர் எனப்படும் மொழிமாற்றியால் முன்கூட்டியே முழுவதுமாக எந்திரக் கட்டளைகளாக்கப்பட்டு, ஓடத் தொடங்கிய பின் இடையில் ஒருவரும் இல்லாமல் நுண்செயலியிடமே செல்கிறது. இதனை இங்கு நேர்நிரல் எனக் குறிக்கலாம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ஜாவா மொழியில் எழுதப்படும் நிரலோ, எந்த நுண்செயலிக்கும் உரியதல்லாத, கருத்தளவில் மட்டும் வகுக்கப்பட்ட ஓர் எந்திரத்தின் கட்டளைகளாக மாற்றப்பட்டு அந்த நிலையிலேயே நிறுத்தப்படுகிறது. ஒவ்வொரு கட்டளைப் பெயரும் ஒரு பைட்டுக்குள் அடங்குவதால் அதற்குப் பைட்கோட் என்று பெயர். அதனைப் படித்து, சோதித்து, உள்ளபடி நடத்திவைக்கும் மென்பொருள் மெய்நிகர் எந்திரம் எனப்படுகிறது. மைக்ரோசாஃப்ட் 2002இல் வெளியிட்ட டாட்நெட் இதே நெறியைப் பின்பற்றியது. மேற்பார்வைக்கு உட்பட்ட நிரல் என்னும் வழக்கு அதனால் பரவியது. அமைப்பு அதற்கும் பழையது. 1970களிலேயே பாஸ்கல் மொழிக்காகப் பி-கோடு என்னும் இடைநிலைக் கட்டளைகள் பயன்பட்டிருக்கின்றன.

இரண்டு முழு எண்களைக் கூட்டித் தரும் மிகச் சிறிய செயற்கூறு ஒன்றை அருகிலிருந்து நோக்கினால் வேறுபாடு கைக்கெட்டும். ஜாவாவில் அது 26, 27, 96, 172 என்னும் நான்கே எண்களாகிறது. முதல் எண், தரப்பட்டவற்றுள் முதலாவதை எடுத்து ஓர் அடுக்கின்மேல் வை என்கிறது. இரண்டாவது எண், அடுத்ததையும் அவ்வாறே வை என்கிறது. மூன்றாவது, மேலுள்ள இரண்டையும் எடுத்துக் கூட்டி விடையை அடுக்கில் வை என்கிறது. நான்காவது, அந்த விடையைக் கேட்டவரிடம் திருப்பிக் கொடு என்கிறது. லினக்ஸ் இயங்கும் 64 பிட் இன்டெல் கணினிக்கென ஒரு கம்பைலர் இதனை நேர்நிரலாக்கினால், அது 141, 4, 55, 195 என்று அமையக்கூடும். முதல் மூன்று எண்களும் சேர்ந்து கூட்டலுக்கான ஒரே கட்டளை, இறுதி எண் திரும்பிச் செல்வதற்கான கட்டளை. கைப்பேசிகளில் உள்ள ஆர்ம் வகை நுண்செயலிக்கு அதே வேலை 0, 0, 1, 11, 192, 3, 95, 214 என்னும் எட்டு எண்களாகிறது. ஜாவாவின் நான்கு எண்களை இன்டெல் நுண்செயலியிடம் நேரே கொடுத்தால், அது முதல் இரண்டையும் கழித்தல் கட்டளையாகப் பொருள்கொள்ளும். மூன்றாவதைச் செல்லாக் கட்டளை என்று தள்ளிவிடும். கூட்டல் நடைபெறுவது மெய்நிகர் எந்திரம் உடனிருக்கும்போது மட்டுமே. ஆனால் அது உடனிருக்கும் எந்தக் கணினியிலும் அந்த நான்கு எண்களும் மாறாமல் அதே வேலையைச் செய்யும்.

தமிழர்க்கு இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றதன்று. 2005ஆம் ஆண்டு பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளியான முத்து நெடுமாறனின் செல்லினம், தமிழில் குறுஞ்செய்தி எழுதவும் படிக்கவும் வழி செய்தது. அந்நாளில் கைப்பேசிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாத பல இயங்குதளங்களில் இயங்கின. பெரும்பாலான கருவிகளில் தமிழ் எழுத்துகளே இல்லை. அத்தனைக்கும் தனித்தனியே நேர்நிரல் எழுதுவது ஒரு சிறு நிறுவனத்தால் ஆகக்கூடியதன்று. ஆனால் அவற்றுள் பலவற்றில் ஜாவாவின் சிறிய மெய்நிகர் எந்திரம் ஒன்று குடியேற்றப்பட்டிருந்தது. செல்லினம் அதன்மேல் அமர்ந்தது. மொழிக்குச் சொந்த இடம் தராத கருவிகளுக்குள்ளும் தமிழ் சென்று சேர்ந்ததற்குக் காரணம், எந்த உடலுக்கும் உரியதாகாமல் எந்த உடலிலும் வாழக்கூடிய இடைநிலை வடிவம்.

இவ்விடத்தில் ஒரு பொதுக் கருத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. நேர்நிரல் எந்திரத்தோடு இடையீடின்றிப் பேசுகிறது, பைட்கோட் இடைத்தரகர் வழியே பேசுகிறது, ஆதலால் முன்னது தற்சார்புடையது, பின்னது பிறர்சார்புடையது என்று பலரும் கூறுவர். இக்கூற்று ஆராய்ச்சிக்கு நிற்காது. 1995இல் வந்த பென்டியம் புரோ முதலாக இன்டெல் நுண்செயலிகள், தம்மிடம் வரும் எந்திரக் கட்டளைகளை அப்படியே நடத்துவதில்லை. அவற்றைத் தமக்குள்ளேயே இன்னும் நுண்ணிய கட்டளைகளாக உடைத்து, வரிசையைக்கூட மாற்றி நடத்துகின்றன. நேர்நிரல் தன்னுடையதாகக் கருதும் நினைவக முகவரியும் உண்மை முகவரியன்று. இயங்குதளம் அதற்கென்று வகுத்துக் கொடுத்த தோற்ற முகவரியே. அதற்கும் கீழே மின்னோட்டம், அதற்கும் கீழே சிலிக்கானின் இயற்பியல் என்று படிகள் இறங்கிக்கொண்டே போகின்றன. இடையீடில்லாத செயல் என்று எதுவும் எந்தப் படியிலும் காணப்படுவதில்லை.

சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிக் கூறுவதும் இதுவே. உயிருக்கு உடல், கருவி, உலகம், நுகர்பொருள் என்னும் நான்கும் மாயையிலிருந்து அமைத்துத் தரப்படுகின்றன. நூல்கள் இவற்றைத் தனு, கரணம், புவனம், போகம் என்னும். கருவிகள் ஐம்பொறிகளோடு முடிவதில்லை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என உள்ளேயும், அவற்றுக்கும் மேலே காலம், நியதி, கலை, வித்தை, அராகம் எனவும் முப்பத்தாறு தத்துவங்கள் படிப்படியாக எண்ணப்படுகின்றன. யோகியாயினும் உழவனாயினும் இக்கருவிகளுள் சிலவற்றின் வழியேதான் செயல்பட முடியும். ஒருவன் நேரடியாகவும் மற்றொருவன் கருவி வழியாகவும் உலகைத் தொடுகிறார்கள் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. அவ்வாறாயின் நேர்நிரலுக்கும் பைட்கோட் நிரலுக்கும் உண்மையான வேறுபாடு எங்கே இருக்கிறது? ஓடிக்கொண்டிருக்கும்போது உடனிருந்து பார்த்துக்கொள்ளும் ஒன்று உண்டா, இல்லையா என்பதில் இருக்கிறது.

பத்து இடங்கள் கொண்ட ஒரு வரிசையில் பதினோராவது இடத்தில் ஓர் எண்ணை எழுதுமாறு நிரல் பிழையாகக் கட்டளையிடுகிறது என்று கொள்வோம். சி மொழியில் எழுதப்பட்ட நேர்நிரல் அந்தக் கட்டளையைத் தடையின்றி நிறைவேற்றும். பதினோராவது இடத்தில் வேறு யாருடைய தரவு இருந்ததோ அது அழியும். அழிந்தது அப்போதே தெரியவரும் என்பதற்கும் உறுதியில்லை. ஜாவாவில் ஒவ்வொரு தொடுகையும் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கப்படுவதால், எழுதுவதற்கு முன்பே நிரல் நிறுத்தப்பட்டு, எந்த வரியில் தவறு நேர்ந்தது என்பதும் அறிவிக்கப்படும். மைக்ரோசாஃப்ட் தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்புக் குறைகளுள் ஏறத்தாழ 70 விழுக்காடு இத்தகைய நினைவகத் தவறுகளால் விளைந்தவை என்று 2019இல் அந்நிறுவனத்தின் பொறியாளர்களே எடுத்துக்காட்டினர். தடையில்லாமையை விடுதலை என்று கொண்டாடும் வழக்கத்தை இந்த ஓர் எண் ஆழமாகக் கேள்விக்குள்ளாக்குகிறது.

பைட்கோட் நிரலிடமிருந்து மெய்நிகர் எந்திரம் சிலவற்றை மறைத்தும் வைக்கிறது. ஒரு பொருள் நினைவகத்தில் எந்த முகவரியில் இருக்கிறது என்பதை ஜாவா நிரல் அறிய முடியாது. அந்தப் பொருள் நிரல் ஓடும்போதே ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குப் பெயர்க்கப்படலாம். நிரலுக்கு அது தெரியவராது. பயன் முடிந்த பொருள்களை நிரல் தானே அழிக்கவும் முடியாது. எந்த வழியாலும் இனி எட்டப்பட முடியாத பொருள்கள் எவை என்று அவ்வப்போது தேடிக் கண்டு, அவை இருந்த இடத்தை மீட்டுப் பொதுவில் சேர்க்கும் பணி கார்பேஜ் கலெக்டர் என்னும் பகுதிக்கு உரியது. பழைய அமைப்புகளில் இப்பணி நடக்கும்போது நிரல் முழுவதும் சற்றே நின்றுவிடும். அதனை உலகை நிறுத்துதல் என்றே பொறியாளர்கள் சொல்வர். நேர்நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த மறைப்பும் நிறுத்தமும் தளைகளாகத் தோன்றுவது இயல்பு.

சித்தாந்தம் இறைவனின் தொழில்களை ஐந்தாக எண்ணுகிறது: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். இவற்றுள் மறைத்தல் தனியாக நின்று சிந்திக்கத்தக்கது. உயிர் தன் வினைப்பயனை நுகர்ந்து பக்குவப்படும்வரை உண்மை அதற்கு முழுதும் காட்டப்படுவதில்லை. அவ்வாறு மறைத்து நிற்கும் ஆற்றல் திரோதான சக்தி எனப்படும். மலத்தோடு கூடி நின்று அதனைத் தொழிற்படுத்துவதால் அதுவும் மலம் என்று உபசாரமாக எண்ணப்பட்டாலும், இயல்பில் அது அருளே என்பது சித்தாந்த ஆசிரியர்களின் கொள்கை. ஐந்தொழில் முழுவதையும் அருளின் செயலாகவே அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் விளக்குகிறார். அழித்தல்கூட அவர் நோக்கில் பிறந்திறந்து களைத்த உயிர்களுக்கு அளிக்கப்படும் இளைப்பாறுதல். அழிந்த உடல் சூனியமாவதில்லை, அதன் முதற்பொருளாகிய மாயையில் ஒடுங்குகிறது. மீண்டும் அதிலிருந்தே வேறோர் உடல் தோன்றும். மீட்கப்பட்ட நினைவகம் பொதுச் சேமிப்பில் சேர்ந்து அடுத்த பொருளுக்கு இடமாவதை இந்தக் கொள்கையோடு வைத்துப் பார்க்கலாம். முகவரியை மறைப்பது நிரலைத் தாழ்த்துவதற்காகச் செய்யப்படுவதன்று. முகவரி தெரிந்திருந்தால் நிரல் செய்திருக்கக்கூடிய தீங்குகளிலிருந்து அதனையும் அதன் அண்டை நிரல்களையும் காப்பதற்காகச் செய்யப்படுவது.

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் பன்னிரண்டு சூத்திரங்களில் யாத்த சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரம் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பொறிகள் உயிரால் அறிகின்றன, ஆயினும் தம்மை அறியச் செய்யும் உயிரை அவை அறிவதில்லை. அவ்வாறே உயிர்கள் இறைவனால் அறிகின்றன, ஆயினும் அறிவிக்கும் இறைவனை அறிவதில்லை என்பது அதன் கருத்து. பைட்கோட் நிரலின் வரிகளை எத்தனை முறை படித்தாலும் அதில் மெய்நிகர் எந்திரத்தைக் காண முடியாது. 26, 27, 96, 172 என்னும் நான்கு எண்களில் எல்லையைச் சோதிப்பவரும் இல்லை, குப்பையை அகற்றுபவரும் இல்லை. அந்த எண்கள் பொருளுடையனவாக நிற்பதே அவற்றுள் காணப்படாத ஒன்றால்தான்.

அத்துவைத நோக்கில் இதே காட்சி வேறாகத் தெரியும். மெய்நிகர் எந்திரமும் பைட்கோடும் எந்திரக் கட்டளையும் பெயரும் வடிவுமே; சிலிக்கானில் ஓடும் மின்னோட்டம் ஒன்றே உள்ளது; மற்றவை அதன்மேல் ஏற்றப்பட்ட தோற்றங்கள் என்று ஒருவர் வாதிடலாம். படிகள்தோறும் இறங்கிப் பார்த்தவர்களுக்கு இவ்வாதத்தின் ஈர்ப்பு விளங்கும். ஆனால் தோற்றம் என்று ஒதுக்கப்பட்ட படி, விளைவுகளை மாற்றுகிறது. அதே மின்னோட்டமும் அதே சிலிக்கானும் இருக்க, மேற்பார்வைப் படி ஒன்று இருந்தால் பதினோராவது இடத்தில் எழுதுவது தடுக்கப்படுகிறது, இல்லாவிட்டால் பிறர் தரவு அழிகிறது. விளைவை வேறாக்கும் ஒன்றை இல்பொருள் என்பது பொருந்தாது. மாயையை உள்பொருள் என்றே கொண்டு, அதன் காரியங்களுக்கும் உண்மை வழங்கும் சித்தாந்தத்தின் நிலைப்பாடு இவ்விடத்தில் வலிமையுடையது.

மெய்நிகர் எந்திரங்கள் வளர்ந்த விதத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. 1999இல் ஜாவாவுக்கு வந்த ஹாட்ஸ்பாட் என்னும் மெய்நிகர் எந்திரம், நிரலை முதலில் பைட்கோட் நிலையிலேயே ஒவ்வொரு கட்டளையாகப் படித்து நடத்தும். அடிக்கடி ஓடும் பகுதிகள் எவை என்று எண்ணிப் பார்த்து, அவற்றை மட்டும் ஓட்டத்தின் இடையிலேயே எந்திரக் கட்டளைகளாக மாற்றிக்கொள்ளும். இந்த முறைக்கு ஜிட் என்று பெயர். மாற்றும்போது சில எதிர்பார்ப்புகளை வைத்து விரைவுபடுத்தும். எதிர்பார்ப்பு பொய்த்துவிட்டால், மாற்றிய வடிவைக் கைவிட்டு மீண்டும் பைட்கோட் நிலைக்கே இறங்கிவரும். ஒரே நிரல் ஒரு நாழிகைக்குள் பலமுறை ஏறியும் இறங்கியும் ஓடுகிறது. எந்த நிலையில் உள்ளது அந்த நிரல் என்று கேட்டால், ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது.

சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம் உயிரின் ஐந்து நிலைகளைக் கூறுகிறது. நனவில் முப்பத்தைந்து கருவிகளும், கனவில் இருபத்தைந்தும், உறக்கத்தில் மூன்றும், பேருறக்கத்தில் இரண்டும், உயிர்ப்படங்கலில் ஒன்றும் தொழிற்படுவதாக மரபு கணக்கிடுகிறது. அமைச்சர்களோடு கூடி அரசன் ஆள்வதுபோல உயிர் உட்கருவிகளோடு கூடி நிற்கிறது. கருவிகள் கூடுவதாலும் குறைவதாலும் நிலைகள் மாறுகின்றன, ஆனால் நிலைதோறும் தொடர்வது அக்கருவிகளுள் ஒன்றன்று என்பது மெய்கண்டாரின் வாதம். ஜிட் முறையில் ஏறி இறங்கும் நிரலும், தான் அந்தந்த வேளையில் மேற்கொண்டிருக்கும் வடிவோடு ஒன்றாகிவிடுவதில்லை. கட்டளைகளைப் படித்து நடத்தும் கருவி விலகினாலும் கூட்டல் கூட்டலாகவே நிற்கிறது. காரியம் காரணத்தில் முன்பே அடங்கியிருக்கிறது என்னும் சற்காரியவாதம், எந்திரக் கட்டளை பைட்கோடில் எவ்வாறு அடங்கியிருந்து வெளிப்படுகிறது என்பதை விளக்குவதற்கும் பொருந்தி வருகிறது.

இவ்வளவு பொருத்தங்களையும் கண்டவர், மெய்நிகர் எந்திரத்தை இறைவனுக்கு ஒப்பாகக் கூறிவிடத் துணியலாம். அந்த ஒப்புமை பெரும் பிழை. ஹாட்ஸ்பாட் என்னும் மெய்நிகர் எந்திரமே பெரும்பாலும் சி++ மொழியில் எழுதப்பட்டு நேர்நிரலாக மாற்றப்பட்ட ஒன்று. அதற்கும் நினைவகத் தவறுகள் நேரும். அதிலும் பாதுகாப்புக் குறைகள் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்படுகின்றன. மேற்பார்வை செய்வதும் மேற்பார்வைக்கு உட்பட்டதும் ஒரே வகையைச் சேர்ந்தவை, இரண்டும் சடம், இரண்டுக்கும் அறிவில்லை. சடப்பொருள்களை எத்தனை அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும் அவ்வடுக்கிலிருந்து அறிவு பிறப்பதில்லை என்பதும், அறிவில்லாதது தானாகத் தொழிற்படாது, அதனைத் தொழிற்படுத்தும் அறிவுடைய ஒருவர் வேண்டும் என்பதும் முதற் சூத்திரத்தின்மீது எழுந்த உரைகள் நெடுகவும் வற்புறுத்தும் கருத்து.

முப்பத்தாறு தத்துவங்களுக்குள் தேடினால் மெய்நிகர் எந்திரத்துக்கு உரிய இடம் கிடைக்கிறது. வித்தியா தத்துவங்கள் ஏழனுள் நியதி என்பது, அவ்வவ்வுயிர் தன் வினையின் பயனைத் தானே நுகருமாறும், பிறர் பயனைத் தொடாதவாறும் நிறுத்திவைப்பது. எல்லை கடந்து பிறர் தரவைத் தொடாதவாறு நிரலைக் கட்டிநிறுத்தும் மேற்பார்வை, இந்த நியதியின் வேலையையே செய்கிறது. நியதி தத்துவம் மாயையின் காரியம், அதுவும் கருவி, அதனைச் செலுத்துபவன் வேறு. இவ்வாறு வைத்துப் பார்த்தால் மேற்பார்வையின் அருமை குறையாமலும், அது இறைமையாக உயர்த்தப்படாமலும் தன் இடத்தில் நிற்கிறது.

பொறுப்பு யாருடையது என்னும் வினாவுக்கும் இங்கிருந்தே விடை கிடைக்கிறது. பைட்கோட் ஓடுவதற்கு முன் அதனைச் சரிபார்க்கும் பகுதி, அடுக்கில் இருப்பது எண்ணா பொருளா, இடம் போதுமா, தாண்டிச் செல்லும் இடம் உண்டா என்று கவனமாகப் பார்க்கும். ஆனால் தொழிலாளிக்குத் தர வேண்டிய கூலியைக் குறைத்துக் கணக்கிடும் நிரல் இந்த எல்லாச் சோதனைகளையும் கடந்து செல்லும். வடிவத்தைச் சோதிப்பது அறத்தைச் சோதிப்பதாகாது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்னும் ஜாவா நூலகத்தில் வெளிப்பட்ட குறை உலகெங்கும் கணினிகளைத் திறந்துவிட்டபோது, மெய்நிகர் எந்திரத்தின் விதி எதுவும் மீறப்படவில்லை. பதிவேட்டில் எழுத வேண்டிய சொற்களுக்குள் வந்த முகவரியைத் தேடிச் சென்று அங்கிருந்த நிரலைக் கொண்டுவந்து ஓடவிடுமாறு அந்த நூலகமே அமைக்கப்பட்டிருந்தது. எல்லா மேற்பார்வையும் விழித்திருக்கவே தீங்கு நேர்ந்தது. நியதி வினையின் பயனை உரியவரிடம் சேர்க்குமே தவிர, வினையை நல்வினையாக்காது. இச்சை உயிருடையது, அதனால் பொறுப்பும் உயிருடையது. நிரலின் களத்தில் அந்த உயிர், எழுதிய மனிதரும் எழுதச் சொன்ன மனிதரும் ஆவர். அவர்கள் எத்தனை கருவிகளைச் சார்ந்து செயல்பட்டிருந்தாலும், சார்பைக் காட்டி அந்தப் பொறுப்பிலிருந்து விலக இயலாது. இவ்வகையில், சார்பும் பொறுப்பும் ஒன்றையொன்று விலக்குவன என்ற எண்ணமே தொடக்க வினாவைக் கடினமாக்கியது எனலாம். தானாக இயங்குவதால் ஒருவன் கருத்தா ஆவதில்லை; விரும்புவதாலும் அறிவதாலும் ஆகிறான்.

2015இல் முதற் பதிப்பு கண்ட ரஸ்ட் மொழி, மேற்பார்வையின் பெரும்பகுதியை ஓட்டத்துக்கு முன்பே, கம்பைலரின் கட்டத்திலேயே செய்து முடித்துவிட்டு நேர்நிரலை விளைவிக்கிறது. இரு வகைகளையும் எதிரெதிர்த் துருவங்களாக வைத்துப் பேசுவது இனி இயலாது என்பதற்கு அது ஒரு சான்று. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் தரும் சான்று இன்னும் நுட்பமானது. பைட்கோட் வகையொன்றைக் கொண்டே ஆண்ட்ராய்டின் செயலிகள் வழங்கப்படுகின்றன. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், ஆர்ட் என்னும் புதிய அமைப்பு, செயலி நிறுவப்படும்போதே அதனை முழுவதும் அக்கைப்பேசியின் எந்திரக் கட்டளைகளாக மாற்றிவிடும் வழியைக் கொண்டுவந்தது. கட்டளைகளைப் படித்து நடத்தும் கருவி அப்பதிப்பில் பெரும்பாலும் விலகியிருந்தது. ஆயினும் வரிசையைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும், எல்லையோடு ஒப்பிடும் ஒரு கட்டளையும் எல்லை கடந்தால் விலகிச் செல்லும் ஒரு கட்டளையும், அவை தேவையில்லை என்று முன்னரே நிறுவப்பட்ட இடங்கள் நீங்கலாக, அந்த எந்திரக் கட்டளைகளுக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கின்றன. பயன் முடிந்த பொருள்களை மீட்கும் பணியும் முன்போலவே தொடர்கிறது. எந்திரத்தின் மொழியையே பேசும் அந்தச் செயலி, காவலை விட்டு நீங்கவில்லை.

பைட்கோட் நிலையைப் பந்தமாகவும் நேர்நிரல் நிலையை வீடுபேறாகவும் கொள்ளும் எளிய உவமை இங்கே உடைகிறது. கருவிகள் நீங்கிய பின் உயிர் தனித்து நிற்கும் என்று சித்தாந்தம் எங்கும் சொல்லவில்லை. முத்தியிலும் உயிர் சார்ந்தே நிற்கும், பாசத்தைச் சார்ந்திருந்தது திருவடியைச் சார்ந்ததாகும். தத்துவங்களாகிய இடையீடு கழன்றுபோகிறது, சார்பு கழல்வதில்லை. ஆர்ட் அமைப்பில் காணப்படுவது இந்த அமைப்பின் புறவடிவத்தை ஒக்கிறது. இரண்டுக்கும் நடுவே கடக்க முடியாத வேறுபாடும் அவ்விடத்திலேயே தொடங்குகிறது: எந்திரக் கட்டளையாக மாறிய செயலி, தன்னைக் காக்கும் எல்லைச் சோதனையை முன்பும் அறியவில்லை, இப்போதும் அறியவில்லை, முத்தியில் நிற்கும் உயிரோ, அதுவரை தன்னை அறிவித்து நின்ற இறைவனை அறிந்து, அந்த அறிவிலேயே இன்பம் நுகர்கிறது.